அம்மாவுக்கு நான் எழுதிய லீவு லெட்டர்

இன்று காலை அலுவலகச் செயலியில் லீவு கேட்டேன். காரணம் என்ற கட்டத்தில் 'அம்மாவுக்குக் கண் பரிசோதனை' என்று தட்டினேன். டீ ஆறுவதற்குள் அனுமதி வந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ கோபம் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கல்லூரி நாட்களில் ஆங்கிலச் சொற்களின் வேரைத் தேடுவது எனக்குப் பைத்தியமாக இருந்தது. எங்கள் வீட்டில் அகராதியைத் தொட்ட முதல் ஆள் நான். கொஞ்சம் அலட்டல் இருக்காதா? 'லீவ்' என்பது ஒரே சொல் அல்ல, இரண்டு சொற்களாம். விட்டுப் போவது, மிச்சம் வைப்பது எல்லாம் ஒரு வேர். விடுப்பு வேறு வேர். அதன் பழைய பொருள் அனுமதி. அன்பைச் சொல்லும் 'லவ்'வுக்கும் அதற்கும் ஒரே மூதாதை என்று போட்டிருந்தது. அகராதியைப் பட்டென்று மூடிவிட்டேன்.

சிவகாசிப் பக்கம் எங்கள் தெருவில் அதற்கு இருந்த பொருள் அந்தப் புத்தகத்தில் இல்லை. வானம் இடித்தால் பட்டாசுக் கம்பெனியில் லீவு விடுவார்கள். எங்கேயாவது வெடித்து ஆள் செத்தால், சோதனைக்குப் பயந்து லீவு விடுவார்கள். அவர்களாக விடுவதுதான் லீவு. அன்று கூலி கிடையாது. பள்ளியில் மழை லீவு என்றதும் துள்ளிக்கொண்டு வருவேன். அதே மழைக்கு அம்மாவும் வந்திருப்பாள், திறக்காத தூக்குவாளியோடு.

பதினொன்றாம் வகுப்பில் சேர விருதுநகர்ப் பள்ளிக்கு அம்மா நேரில் வர வேண்டும் என்றார்கள். அப்பா இல்லை. கம்பெனியிலோ சீசன். "லெட்டர் குடுத்தா லீவு குடுக்கணும்மா" என்றேன். எனக்குத் தெரிந்தது பள்ளியில் மனப்பாடம் செய்த ஒரே லெட்டர். காய்ச்சல் என்று ஆங்கிலத்தில் எழுதி, 'யுவர் ஒபீடியன்ட் ஸ்டூடன்ட்' என்று முடித்து, கீழே அம்மா பெயரைப் போட்டேன்!

கம்பெனி வாசலில் போர்மேன் அதை அம்மா முன்னாலேயே உரக்கப் படித்தார்.

"ஏலே, இங்கன வாங்க! நம்ம கம்பெனில ஒரு ஸ்டூடன்ட் சேந்திருக்கு. காய்ச்சலாம்ல!"

உள்ளே சிரிப்பு. கேட்டுக்கு வெளியே யூனிபாரத்தில் நின்ற எனக்குக் காது சுட்டது.

"லீவு கேக்க நீ என்ன டீச்சரம்மாவா? போயி வெடிச் சரத்தப் பின்னு."

அம்மா நகரவில்லை. "முழுசும் படிச்சிட்டீகளா அண்ணாச்சி?"

"படிச்சேன். அதுக்கென்ன?"

"அப்ப நான் வாரேன்."

திரும்பி நடந்தாள். "ஒரு வாரத்துக்கு இந்தப் பக்கம் வந்துராத! நல்லா எடுத்துக்க லீவு!" என்று அவர் பின்னால் கத்தினார். என் லெட்டர் அவருடைய டீ கிளாசுக்கு அடியில் கிடந்தது.

பஸ்ஸில் அம்மா கேட்டாள்: "காய்ச்சல்னு ஏன்டி எழுதுன? மக படிப்புக்குன்னு எழுதுனா அசிங்கமா? அடுத்த தடவ உள்ளத எழுது."

அடுத்த தடவை வரவே இல்லை. இருபது வருஷ வேலையில் அம்மா லீவு கேட்டது அந்த ஒரு நாள்தான். அதையும் யாரும் கொடுக்கவில்லை. கம்பெனியும் இப்போது இல்லை. வாசல் கேட்டை முள்செடி மூடிவிட்டது. இன்று அந்த லெட்டரை ஒரு பிழையும் இல்லாமல், உள்ள காரணத்தோடு எழுதுவேன். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வாசல் இல்லை.