பூஜை போட்டும் கிளம்பாத வண்டி

எங்கள் வீட்டில் எது வாங்கினாலும் என் பெயரில்தான் வாங்குவோம். நிலம், கிணற்று மோட்டார், எல்லாம் அப்படித்தான். மகன் வேன் வாங்கியபோதும் பேப்பரில் என் பெயர். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன். நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. முப்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை.

மகன் பல வருஷம் ஊரான் லாரி ஓட்டினான். ஊர் ஊராகச் சுற்றியது போதும் என்று சொந்தமாக வேன் வாங்கி, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேரைக் காரிமங்கலத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகப் பேசி வைத்திருந்தான். திங்கட்கிழமை பள்ளி திறப்பு. வெள்ளிக்கிழமை காலையில் தர்மபுரி ஷோரூமுக்குப் போனோம். நானும் மகனும் என் நாத்தனாரும். அவர் என் வீட்டுக்காரருக்கு அக்கா. நல்ல காரியம் எதுவும் அவர் இல்லாமல் நடக்காது.

வேனுக்கு மாலை போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நாத்தனார் ஆரத்தி சுற்றினார். மகன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். அந்த நேரம் மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி ஓடி வந்தார்.

"வண்டிய நவுத்தாதீங்க! ஆப் பண்ணுங்க, ஆப் பண்ணுங்க!"

மகன் முகம் சுருங்கிப்போயிற்று. மேனேஜர் மூச்சு வாங்கச் சொன்னார்: "இந்த மாடல் வண்டிங்கள்ல பிரேக் ஆயில் போற குழாய்ல குறை இருக்குதாம்ங்க. அத மாத்தாம யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு இப்பத்தான் கம்பெனியில இருந்து சொல்றாங்க."

"எப்ப மாத்துவீங்க?"

"சாமான் வரணும்ங்க. பத்து நாளும் ஆவலாம், மாசமும் ஆவலாம்."

"திங்கக்கெழமை பள்ளிக்கூடம் தொறக்குதுங்க. நான் போவலைன்னா பக்கத்து ஊரு வேன்காரன் வந்து புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போயிருவான். அப்பறம் நான் இந்த வண்டிய வெச்சிக்கிட்டு என்ன பண்றது?"

நாத்தனார் தட்டைக் கீழே வைக்கவில்லை. "பூஜை போட்ட வண்டிய வுட்டுட்டு வெறுங்கையோட வூட்டுக்குப் போவாங்களா? குடும்பத்துக்கு ஆவாது. ஏ புள்ள, நீ வாயத் தொறந்து சொல்லு."

பூஜை போட்டதை விட்டுப் போவது எனக்கும் உறுத்தத்தான் செய்தது.

மேனேஜர் உள்ளே போனதும், வண்டியை விற்றுக் கொடுத்த பையன் மகனைத் தனியே கூப்பிட்டுப் பேசினான். திரும்பி வந்தபோது மகன் கையில் ஒரு தாள். "ம்மா, இதுல ஒரு கையெழுத்துப் போடு. இப்ப எடுத்துக்கிட்டுப் போயிரலாம். சாமான் வந்ததும் கொண்டாந்து மாத்திக்கலாமாம்."

பேனாவை வாங்கினேன். தாளையும் வாங்கினேன். படிக்க ஆரம்பித்தேன்.

"ம்மா, அதெல்லாம் படிக்க வேணாம்மா. சும்மா ஒரு லெட்டர்."

"இருடா."

எழுத்து பொடிசு. நான் வாய்விட்டுத்தான் படிப்பேன், இல்லாவிட்டால் மண்டையில் ஏறாது. அந்தப் பையன் கடிகாரத்தைப் பார்த்தான். நாத்தனார், "கலெக்டரு படிக்கிறாங்க, எல்லாரும் கம்முனு இருங்க" என்றார். நான் வரிமேல் வைத்த விரலை எடுக்கவில்லை. பழுது இருப்பது எனக்குத் தெரிவிக்கப்பட்டது என்று இருந்தது. கீழே, எது நேர்ந்தாலும் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று இருந்தது. 'பொறுப்பு' என்ற சொல்லை இரண்டு தடவை கூட்டினேன்.

எங்கள் ஊரிலிருந்து பள்ளிக்கூடம் போக ஏரிக்கரைமேல்தான் ரோடு. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் பள்ளம். கரை முடிகிற இடத்தில் ரோடு சடாரென்று இறங்கும். அங்கே பிரேக் பிடிக்காத வண்டியில் பதினோரு பிள்ளைகள். பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.

"நான் போட மாட்டேன்."

"ம்மா, என் பொழப்பும்மா இது!"

"தெரியும்டா."

"அப்பறம் ஏம்மா இத்தனை பேர் முன்னால…" முடிக்காமல் வெளியே போய்விட்டான். பஸ்ஸில் நாங்கள் மூன்று பேரும் மூன்று சீட்டில் உட்கார்ந்து வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நானே பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனேன். மகனை அனுப்பினால் சாக்குச் சொல்வான் என்று பயம். வண்டியில் பிரேக் குறை, மாற்றித்தான் தருவார்கள், அதுவரை வராது என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒருவர் சிரித்தார்: "ஏங்க, புது வண்டின்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, காயலான் கடையிலயா வாங்குனீங்க?" இன்னொரு வீட்டில், "எப்ப வரும்னே தெரியாத வண்டிக்கு எப்படிங்க காத்திருக்கறது?" என்றார்கள். நியாயம்தான். ஒரு தாய் மட்டும் என்னை நிறுத்தி, "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது இல்லீங்க?" என்று கேட்டாள். இருக்காது என்றேன். பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தாள். "நாங்க அதுவரைக்கும் பஸ்சுல வுட்டுக்கறோம்ங்க."

திங்கட்கிழமை பக்கத்து ஊர் வேன் வந்து நாலு பேரை ஏற்றிப் போனது. மற்ற ஏழு பேரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். மகன் வாசலில் நின்று பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

சாமான் வர மூன்று வாரம் ஆனது. கழற்றின குழாயை மெக்கானிக் காட்டினார். விரிசலும் இல்லை, ஒழுக்கும் இல்லை. "உங்க வண்டியில நல்லாத்தாங்க இருக்குது" என்றார். மகன் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடமே கொடுத்தான். எனக்குச் சுருக்கென்றது. அந்த நாலு பிள்ளைகளும் திரும்பி வரவே இல்லை.

ஏழு பேரோடு ஓட்ட ஆரம்பித்தான். முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தவன், தட்டைப் பார்த்தபடியே சொன்னான்: "நீ கையெழுத்துப் போட்டிருந்தா நான் அன்னிக்கே எடுத்தாந்திருப்பேன்ம்மா."

"அதனாலதான்டா போடல."

அவன் தட்டை என் பக்கம் தள்ளினான். "இன்னொரு களி உருண்டை வையி."