பகலில் கத்தாத எஸ்தர்

போன வாரம் இந்தப் பத்தி வரவில்லை. ஏன் என்று கேட்டு இரண்டு பேர் போன் செய்தார்கள். அதில் ஒருவர் என் தங்கை… சரி, விடுங்கள்.

நான் பொன்னேரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தேன். லீவுக்குப் பூட்டிக் கிடந்த பள்ளி. அங்கே ஐந்து நாள் கேம்ப் — அப்பாவையோ அம்மாவையோ இழந்த குழந்தைகளுக்கு. நடத்துவது என் தோழி ஸ்டெல்லா. "நீதான் ஓயாம பேசுவியே, வந்து கதை சொல்லு" என்று கூப்பிட்டாள். என் திறமையை இவ்வளவு சுருக்கமாக இதுவரை யாரும் பாராட்டியதில்லை.

முப்பது குழந்தைகள். பாதிப் பேர் கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் வேலை பார்க்கும் குடும்பத்துப் பிள்ளைகள். எனக்கு ஐம்பத்தாறு வயது. அவர்களுக்கு நானும் 'மிஸ்'தான்.

காலையில் அங்கே ஒரு வழக்கம். டிபன் முடிந்ததும் எல்லோரும் காம்பவுண்டு சுவர் ஓரம், வயலைப் பார்த்து வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் பெயரை முடிந்த மட்டும் கத்த வேண்டும். அவ்வளவுதான். சிறுசுகளுக்கு அதில் அப்படி ஒரு குஷி! ஒருத்தன் கத்தினால் மரத்தில் இருக்கிற காக்கா எல்லாம் கிளம்பிவிடும்.

எஸ்தர் மட்டும் கத்தவில்லை. ஒன்பது வயது. அப்பா கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அவள் முறை வந்ததும் உதட்டை அசைத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. அதோடு போயிற்றா? நாற்காலியை இழுக்க மாட்டாள்… தூக்கித்தான் நகர்த்துவாள். சாப்பிட்ட தட்டைக் கழுவி அடுக்கும்போது, இரண்டு தட்டுக்கும் நடுவில் விரலைக் கொடுத்து மெல்ல இறக்குவாள்.

டீ நேரத்தில் பெரியவர்கள் கூடிப் பேசினோம். "துக்கத்த உள்ளயே அமுக்கி வெச்சிருக்கா. அழ வெச்சுட்டா சரியாயிடும்" என்று தீர்ப்பு சொன்னது யார் என்கிறீர்கள்? அடியேன்தான். இந்த விஷயத்தில் என் படிப்பு — பாதிப் புத்தகம், நாலு வீடியோ.

இரண்டாம் நாள் அவளை வேப்பமர நிழலுக்குக் கூட்டிப்போனேன். என் அப்பா இறந்துபோனதை உருக்கமாகச் சொன்னேன். பாதியில் எனக்கே கண்ணில் நீர் கொட்டிவிட்டது. எஸ்தர் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் கர்ச்சீப்பை எடுத்து நீட்டினாள். "அழாதீங்க மிஸ்" என்றாள், காதோடு.

யாருக்கு யார் கேம்ப் நடத்துகிறார்கள்?

அன்று சாயங்காலம் ஐந்து மணி. மைதானத்தில் கபடி. ஒரு குரல் பள்ளிக்கூடத்தையே தூக்கியது. "அவுட்டு! அவுட்டு! இன்னாடி ஏமாத்தினு கீற? கோட்டத் தாண்டிட்ட நீ!" எட்டிப் பார்த்தால்… எஸ்தர்! விழுந்தடித்து ஓடினேன் ஸ்டெல்லாவிடம், என் மரத்தடி வைத்தியம் பலித்துவிட்டது என்று சொல்ல. மறுநாள் காலை வரிசையில் அவள் பழையபடி உதட்டை மட்டும் அசைத்தாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம்.

நாலாம் நாள், வீட்டார் வந்து பார்க்கும் நாள். எஸ்தரின் அம்மா லோக்கல் டிரெயின் பிடித்து வந்திருந்தார். சின்ன வயசு… முப்பதைத் தாண்டியிருக்க மாட்டார். குழந்தைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன் — இவள் ஏன் பகலில் ஒரு மாதிரி, சாயங்காலத்தில் ஒரு மாதிரி?

"அது வந்து மேடம்… அவரு எப்பவும் நைட் ஷிப்ட்டுதான். காலைல வந்து படுத்தாருன்னா நாலு மணி வரிக்கும் தூங்கினு இருப்பாரு. எங்க ஊடு ஒரே ரூம்பு. ஸ்கூலு லீவுன்னா இவ சத்தமே போடாம வெள்ளாடுவா. டிவி கூட சவுண்டு இல்லாமதான் பாப்பா. நாலு மணிக்கு மேல பாக்கணுமே… அப்பாவும் பொண்ணும் போடற கூச்சல்ல பக்கத்து ஊட்டுக்காரங்க வந்துடுவாங்க!"

சிரித்தார். சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"இப்போ?" என்றேன்.

"இப்பவும் அப்டியேதான் மேடம். அவரு முழிச்சுக்குவாருன்னு நான் பகல்ல குக்கரு வெக்க மாட்டேன், விசில் அடிக்கும்ல… பானைலதான் சோறு வடிப்பேன். இன்னிக்கும் பானைதான். இன்னாத்துக்குன்னு எனக்கே தெரில. இவகிட்ட, இனிமே சத்தம் போடலாம் கண்ணுன்னு சொல்லணும்தான். எப்டி சொல்றது? சொல்லிட்டா… அவரு இல்லன்னு ஆயிடும்ல?"

என் வீட்டில் மூன்று அறை, மூன்றுக்கும் கதவு. அமைதியான குழந்தை, வாயாடிக் குழந்தை என்று பிறப்பிலேயே இரண்டு வகை இருப்பதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தூங்குகிற அப்பாவுக்கு ஒரு சின்னப் பெண் செய்துகொண்டிருந்த உபகாரத்தை, வியாதி என்று நினைத்து வைத்தியம் பார்க்கக் கிளம்பினேனே… வெட்கமாக இருந்தது.

மணி இரண்டு இருக்கும். கழுவிய தட்டோடு எஸ்தர் முற்றத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். அவள் அம்மா எழுந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏய் எஸ்தரூ!"

பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். எஸ்தர் அப்படியே நின்றாள். பதறிப்போய் விரலை வாயில் வைத்துக் காட்டினாள்.

அம்மா வெயிலில் இறங்கி நடந்தார். அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அப்பா தூங்கல கண்ணு. அப்பா இல்ல. இனிமே பகல்லயும் கத்தலாம்."

எஸ்தர் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தட்டு நழுவி, சிமென்ட் தரையில் விழுந்து உருண்டது. அவள் அதை எடுக்கக் குனியவில்லை. அழ ஆரம்பித்தாள்… வாய்விட்டு, பெருங்குரலில். அம்மாவும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்.

தண்ணீர் பாட்டிலோடு ஓடிய இன்னொரு மிஸ்ஸை ஸ்டெல்லா கையைப் பிடித்து நிறுத்தினாள். எனக்கும் சமாதானம் சொல்ல வாய் வரை வந்தது. மூடிக்கொண்டேன்.

அந்த ஐந்து நாளில் பெரியவர்கள் நாங்கள் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்றுதான் — யாருமே 'உஷ்' என்று சொல்லவில்லை.