படத்தின் ஓரத்தில் என் விரல்

சம்பவ இடத்துக்குக் கடைசியாகப் போய்ச் சேர்கிறவனுக்குத்தான் நிருபர் என்று பெயர். திண்டிவனத்தில் ஒரு தினசரிக்குப் பகுதி நிருபராகக் குப்பை கொட்டிய காலத்தில் நான் கண்டுபிடித்த தொழில் ரகசியம் இது. கழுத்தில் கேமராவை மாட்டிக்கொண்டு நாக்குத் தள்ள ஓடிய சக பாவிகளே, உங்களுக்குப் புரியும்.

கண்டக்டர் சேர்த்த வரி

தொண்ணூற்று மூன்றில் எங்களுக்கு இன்டர்நெட் என்பது விழுப்புரம் பஸ்தான். எழுதிய செய்தியையும் பிலிம் ரோலையும் கவரில் போட்டுக் கண்டக்டரிடம் கொடுத்தால், விழுப்புரத்தில் எங்கள் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார். ஒருமுறை மேல்சித்தாமூர் தேர் பற்றி எழுதி அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் செய்தியின் கடைசி வரி இப்படி இருந்தது: 'வழியில் பஸ் நிற்கும் இடத்தில் குடிதண்ணீர்க் குழாய் வறண்டு கிடப்பதாகப் பக்தர்கள் வேதனை தெரிவித்தனர்.'

சத்தியமாக அதை நான் எழுதவில்லை. ஆனால் அந்த வாரமே குழாயில் தண்ணீர் கொட்டியது. பார்த்தவர்கள் எல்லாம் கையைக் குலுக்க, நானும் வெட்கமில்லாமல் குலுக்கிக்கொண்டேன். கண்டக்டர் ராமலிங்கம் மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்: "கவரு ஒட்டாம இருந்திச்சி, கடைசில கொஞ்சம் எடமும் இருந்திச்சி சார், அதான் நம்ம பேஜாரையும் ஒரு வரி சேத்துட்டேன்."

ஈமெயிலில் போன படகு

பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. என்னிடம் ஒரு வியாதி உண்டு. எந்த கேமராவைக் கொடுத்தாலும் படத்தின் ஓரத்தில் என் விரல் வந்து நிற்கும். அப்போது மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றில் அலையில் ஒரு படகு கவிழ்ந்தது. அங்கே மீன் விற்கும் அஞ்சலைதான் போன் பண்ணிச் சொன்னார். போனேன். எல்லோரும் நீந்திக் கரையேறி, தலை துவட்டி, டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கவிழ்ந்த படகை மட்டும் படம் எடுத்து, திண்டிவனத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து முதல்முறையாக ஈமெயிலில் அனுப்பினேன்.

அவசரத்தில் ஆபீஸில் யாரும் ஓரத்தை வெட்டவில்லை. விரலோடு அச்சாகிவிட்டது. விழுப்புரம் ஆபீஸில் என் செய்திகளைத் திருத்தும் குணசேகரன் மறுநாள் போனில் பிடித்துக்கொண்டார்: "யோவ், கவுந்த படகவிட உன் வெரலுதான்யா பெருசா கீது!"

மறைக்காதீங்க அண்ணே

காலம் ஓடியது. எல்லோர் கையிலும் கேமரா வைத்த போன். என் கையில் மட்டும் பட்டன் போனும் அதே பழைய கேமராவும். பைபாஸில் மல்லாட்டை (அதான், வேர்க்கடலை) மூட்டை ஏற்றிவந்த லாரி சாய்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஓடினால், ஊரே வட்டமாக நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. டிரைவர் மட்டும் தனியாக மல்லாட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் நடுவில் நுழைந்ததும் ஒருவர் அதட்டினார்: "மறைக்காதீங்கண்ணே, வாட்ஸ்அப்புக்கு எடுத்துக்கினு கீறோம்."

செய்தியை அனுப்பியதும் குணசேகரன் கூப்பிட்டார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இது எங்க வூட்டம்மா போனுக்கே வந்துட்ச்சிய்யா. திண்டிவனத்துக்கு இனிமே ஆளு எதுக்குன்னு மேல கேக்குறாங்க."

ஆளு எங்க சார்?

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் காலை மறுபடி குணசேகரன் போன். அஞ்சலையின் குப்பத்தில் படகு கவிழ்ந்து மீனவர்கள் பலி என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதாம். "எல்லாரும் போட்டாச்சி. ஜல்தி அனுப்பு. இல்லன்னா உன்னக் காப்பாத்த என்னால ஆவாது" என்றார். நேரில் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்று வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் வேலை போன மாதிரிதான் இருந்தது.

கடற்கரையில் அஞ்சலை மணலில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் புருஷன் தேசிங்கு அன்று கடலில் இருந்தார். போன் போகவில்லை. பக்கத்தில் நின்றவர் அந்தப் படத்தைக் காட்டினார். கவிழ்ந்த படகு. ஓரத்தில் மங்கலாக ஒரு சதை.

"அம்மா, இது பழைய படம். நான் எடுத்தது. இதோ, என் விரல்!" என்று கத்தினேன்.

அஞ்சலை படத்தைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். "படம் பழசு, சரி. ஆளு எங்க சார்?"

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். குணசேகரன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார், நான் எடுக்கவில்லை. மத்தியானம் தேசிங்கின் படகு தெரிந்தபோது அஞ்சலையைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

இருவரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். பார்த்தால் வழக்கம்போல ஓரத்தில் விரல். இன்னொன்று எடுக்கிறேன் என்றேன். அஞ்சலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இருக்கட்டும் உடுங்க சார், உங்க வெரலு இருந்தாத்தான் ஊரு நம்பும்."

மற்றவர்கள் எல்லாம் பலி என்று போட்டிருக்க, அந்தப் படம் மட்டும் விரலோடே அச்சாகி என் வேலையையும் காப்பாற்றியது. இன்று போன் வைத்திருக்கும் எல்லோரும் நிருபர்தான், ஆனால் மரக்காணம் பக்கம் எந்தப் படம் வந்தாலும் முதலில் ஓரத்தைத்தான் பார்க்கிறார்களாம்.