பழைய பலகையில் பதினாறு கட்டில்கள்

போன மாதம் ஒரு புதன்கிழமை. காலை பதினொரு மணி இருக்கும். முனியப்பாவிடமிருந்து போன்.

முனியப்பா கெலமங்கலத்துக்காரர். நான் பேப்பரில் வரைவதையெல்லாம் மரத்தில் செய்து தருகிற தச்சர். அவர் எனக்கு மிஸ்டு கால்தான் கொடுப்பார் — நான்தான் திருப்பிக் கூப்பிட வேண்டும். அன்றைக்கு நேராகவே பேசினார். ஒருதரம் பட்டறைக்கு வந்துவிட்டுப் போகச் சொன்னார். என்ன விஷயம் என்று கேட்டேன். வந்து பாருங்க என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பேரிகை சாலையில் இருக்கிறது பட்டறை. ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். முனியப்பா இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். முழங்கை தொடங்கி மணிக்கட்டு வரை சிவப்பாக, தடிப்புத் தடிப்பாக... மூலையில் அவர் மனைவி ரத்னம்மா. மரத்துக்கு உப்புத்தாள் தேய்ப்பது அவர் வேலை. ஈரத்துணியால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். இமை இரண்டும் வீங்கியிருந்தன.

"கடைசியா வந்த லோடுல ஏதோ இருக்குது மேடம். சாதா தூசுக்கு எனக்கு இப்பிடி ஆவாது" என்றார் முனியப்பா.

பத்து நாளாக இருக்கிறதாம். வேனல் சூடு என்று நினைத்து வேப்பிலை அரைத்துப் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். அன்று காலை ரத்னம்மாவால் கண்ணைத் திறக்க முடியாமல் போனபிறகுதான் எனக்குப் போன்.

இன்னும் இழைக்காத ஒரு பலகையைப் புரட்டிக் காட்டினார். அதில் கறுப்பாக, பாதி வட்டமாக ஒரு கறை. டிரம் ஒன்றை நெடுநாள் வைத்திருந்த தடம். மூக்கருகே கொண்டுபோனேன். தொண்டைக்குள் சுருக்கென்று ஏறியது.

பயந்துவிட்டேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், அந்தப் பலகைகளில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று சொல்லியாக வேண்டும்.

கைக்குழந்தைகளுக்கான கட்டில்கள்.

ஓசூர் சிப்காட்டில் ஒரு கார்மென்ட் கம்பெனி. பெண்கள்தான் அதிகம். ஷிப்டுக்கு வரும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப் போக ஒரு காப்பகம் அமைத்தார்கள். உள்ளலங்காரப் பொறுப்பு என்னுடையது. இருபத்து நான்கு கட்டில்கள், தாழ்வான அலமாரிகள், ஜன்னலோரத்தில் நீளமாக ஒரு பெஞ்ச். எல்லாவற்றையும் பழைய பேக்கிங் மரத்திலேயே செய்யலாம் என்று சொன்னது நான்தான். சொன்னது மட்டுமா? ஒரு மணி நேரம் லெக்சர் அடித்தேன்!

என் ரெகுலர் வாசகர்களுக்குத் தெரியும் — எனக்கு அந்த மரத்தின் மேல் ஒரு பைத்தியம். விருதுநகரிலிருந்து கல்யாணமாகி ஓசூர் வந்த முதல் மார்கழி. விடியற்காலையில் கம்பெனி வாசல்களில் செக்யூரிட்டிக்காரர்கள் தீ மூட்டிக் குளிர்காய்வார்கள். எரிவது என்ன? வெளிநாட்டு மெஷின் வந்திறங்கிய பெட்டிகள். வெள்ளை வெளேரென்ற பைன் மரம். எங்கேயோ ஒரு மரத்தை வெட்டி, கப்பலில் ஏற்றி, இங்கே கொண்டுவந்து கொளுத்துவதா? எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பெட்டிகளை வாங்கி வந்து, எங்கள் ஒற்றை அறை வீட்டில் தடுப்பு ஒன்று அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் ஒன்று கேட்டார். அப்புறம் பெங்களூருக்குப் பஸ்ஸில் போய்வந்து டிப்ளமோ, விசிட்டிங் கார்டு, இந்தப் பத்தி... எல்லாம் அந்த இரண்டு பெட்டிகளில் தொடங்கியதுதான். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் ஸ்கிராப் யார்டில்தான் இருப்பேன்.

அதனால்தான் காப்பகத்துக்கும் பைன். பாலிஷ்கூட வேண்டாம், அது கெமிக்கல், குழந்தைகள் வாயில் போகும் என்று கறாராகச் சொல்லியிருந்தேன். தேங்காயெண்ணெய் மட்டும் தடவினோம்.

பதினாறு கட்டில்கள் கம்பெனிக்குப் போய்விட்டன. திங்கட்கிழமை திறப்பு விழா. பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள்.

போனவற்றில் எத்தனை கட்டில் கடைசி லோடு மரம் என்று கேட்டேன். முனியப்பா தலையைக் குனிந்துகொண்டார். பழைய லோடு, புது லோடு எல்லாவற்றையும் கலந்து அடித்துவிட்டாராம். இழைத்தபிறகு எல்லாப் பலகையும் ஒரே வெள்ளைதான். பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த பத்து நிமிடம் நான் யோசித்தது குழந்தைகளைப் பற்றி அல்ல. திங்கட்கிழமையைப் பற்றி. எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, மேலே இரண்டு கோட்டிங் பாலிஷ் அடித்துவிட்டால்...? கறையெல்லாம் இழைப்பில் போய்விட்டதே. வாசனையும் போய்விடுமே. யாருக்குத் தெரியும்? இதை முனியப்பாவிடம் வாய்விட்டே கேட்டேன்.

ரத்னம்மாதான் கண்ணிலிருந்து துணியை எடுக்காமலே சொன்னார்.

"பல்லு மொளைக்கிற கொழந்த கட்டைய கடிக்குமே மேடம்."

கம்பெனி ஹெச்.ஆர். மேனேஜர் செல்வகுமாருக்குப் போன் போட்டேன். கட்டில்களில் பிரச்னை இருக்கலாம், விழாவைத் தள்ளி வைக்க வேண்டும் என்றேன். அவர் என்னைவிடப் பதற்றமாகிவிட்டார். "என்ன மேடம் சொல்றீங்க? ட்ரையலுக்கு இன்னைக்குக் காலையிலேயே ஆறு பிள்ளைகளை விட்டாச்சே" என்றார். எல்லோரையும் உடனே தூக்கிவிடச் சொன்னேன். அவர் ஏதோ கேட்கத் தொடங்கினார். லைன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டால் எடுக்கவில்லை. மீட்டிங்காக இருக்கும்.

ரத்னம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தக் கறைப் பலகையின் ஒரு துண்டு என் ஸ்கூட்டியின் காலடியில்.

சிப்காட் முனையில் கன்டெய்னர் லாரி ஒன்று ரோட்டை அடைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. முன்னே ஓரடி, பின்னே ஓரடி... ஹாரன் அடித்து என்ன பிரயோஜனம்? என் பையன் எட்டு மாதத்தில் கட்டில் சட்டத்தைக் கடித்து வைத்த பல் தடம் இருக்கிறதே — இரண்டு சின்னப் புள்ளிகள் — அதுதான் கண்முன் வந்துகொண்டிருந்தது.

கம்பெனி கேட்டில் விடவில்லை. பாஸ் வேண்டும். பாஸுக்கு ஹெச்.ஆர். கையெழுத்து வேண்டும். ஹெச்.ஆர். மீட்டிங்கில். செக்யூரிட்டி அம்மாவிடம் கெஞ்சினேன். என்னை விட வேண்டாம், காப்பகத்துக்கு இன்டர்காம் மட்டும் போடுங்கள் என்றேன். என் முகத்தைப் பார்த்தார். போட்டார்.

ஆயா புஷ்பா எடுத்தார். குழந்தைகளைக் கட்டிலிலிருந்து இறக்கிவிடுங்கள் என்றேன். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. "சரிங்க" என்றார், அவ்வளவுதான்.

பாஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. உள்ளே போய்ப் பார்த்தால், தரையில் இரண்டு புடவைகளை விரித்து ஆறு குழந்தைகளையும் வரிசையாகப் படுக்க வைத்திருந்தார் புஷ்பா. ஐந்து தூக்கத்தில். ஆறாவது, பதினோரு மாதப் பெண் குழந்தை, விழித்திருந்தது. அதன் தாடையெல்லாம் சிவப்பு.

கடித்ததா என்று கேட்டேன். காலையிலிருந்து அந்தச் சட்டத்தைத்தான் சப்பிக்கொண்டிருந்தது என்றார் புஷ்பா.

கம்பெனி டாக்டர் வந்தார். வாயைக் கழுவச் சொன்னார். நாக்கு, தொண்டை, மூச்சு எல்லாம் பார்த்தார். பலகைத் துண்டை முகர்ந்து முகம் சுளித்தார். இது எச்சில் ஊறிய சிவப்பாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், சாயங்காலம் வரை கூடவே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். இருக்கலாம்... இருக்கலாம்... அந்த வார்த்தையை அன்று வெறுத்தேன்.

தையல் லைனிலிருந்து குழந்தையின் அம்மாவை அழைத்து வந்தார்கள். கவிதா. நாகரசம்பட்டிப் பக்கம். வீட்டில் எல்லோரும் தோட்டக் கூலிகள், கம்பெனி வேலைக்கு வந்த முதல் ஆள் இவர்தான். கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டிங் முடிந்து வந்திருந்த செல்வகுமார் ஏதோ அலர்ஜி என்று ஆரம்பித்தார். நான் நிறுத்தினேன். பழைய மரம், கெமிக்கல் டிரம் நின்ற பலகை கலந்திருக்கிறது, விசாரிக்காமல் வாங்கியது நான் என்று சொன்னேன்.

கவிதா குழந்தையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். கத்தவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்:

"மேனேஜரு வூட்டுக் கொழந்தைக்கும் இதே கட்டையிலதான் செஞ்சு குடுப்பீங்களா மேடம்?"

செல்வகுமார் ஜன்னலைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது?

பெரிய வீடுகளிலும் இந்த மரத்தைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தேக்குதான் வேண்டும் என்பார்கள். சரி என்று விட்டுவிடுவேன். அந்தத் தேக்கு எந்த டிப்போவில் வந்தது, எத்தனை நாள் காய்ந்தது என்று துருவித் துருவிக் கேட்பேன் — கேட்கவில்லை என்றால் அவர்கள் என்னைக் கேட்பார்கள். இங்கே? யார்டுக்காரர் "எல்லாம் மெஷின் பெட்டிதான்" என்றார். தலையாட்டினேன். ஏன்? என்னை யார் கேட்கப் போகிறார்கள்!

இல்லை என்று சொன்னேன் கவிதாவிடம். அதைத் தவிர வேறெதுவும் பொய்யாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் வரை காப்பகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கவிதாவும் உட்கார்ந்திருந்தார், இரண்டு ஆள் தள்ளி. நாலரை மணிக்குக் குழந்தை பால் குடித்தது. ஐந்தரைக்குச் சிவப்பு மங்கியது. டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். கழிவறைக்குப் போய் முகம் கழுவுவதுபோல் கொஞ்ச நேரம் அழுதேன்.

யார்டுக்காரர் மறுநாள் ஒப்புக்கொண்டார். மெஷின் பெட்டி போதவில்லை என்று, டிரம் அடுக்கி வந்த பலகைகளையும் சேர்த்து ஏற்றிவிட்டாராம். பதினாறு கட்டில்களும் திரும்பி வந்தன. விழா தள்ளிப்போனது. செல்வகுமார் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. ரத்னம்மாவின் கண் நான்கு நாளில் சரியானது. முனியப்பாவின் கையில் இன்னும் லேசாகத் தழும்பு இருக்கிறது — பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

பழைய மரத்தை விட்டுவிட்டேனா? இல்லை. ஆனால் எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்தது என்று தெரியாத பலகை இனி எந்த வீட்டுக்கும் கிடையாது. கைக்குழந்தை வாய் வைக்கும் இடத்தில் பழைய பலகையே கிடையாது. புதுக் கட்டில்களை ரப்பர் மரத்தில் செய்தோம். பால் வற்றியதும் எப்படியும் வெட்டிப்போடும் மரம் அது.

போன திங்கட்கிழமை காப்பகம் திறந்தது. விழா இல்லை, பத்திரிகை இல்லை. கவிதா வந்தார் — வருவார் என்று நான் நினைக்கவில்லை. குழந்தையை இறக்கவில்லை. கட்டில் சட்டத்தை விரலால் தடவினார்.

"இது எங்கேர்ந்து வந்த கட்டை?"

எந்த ஊர்த் தோட்டம், எந்த மில்லில் அறுத்தது, மேலே என்ன தடவியிருக்கிறது — ஒவ்வொன்றாகச் சொன்னேன். நடுவில் நிறுத்தி மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். பிறகு குழந்தையைக் கட்டிலில் விட்டுவிட்டு, சிரிக்காமலே ஷிப்டுக்குப் போனார்.

சுற்றுச்சூழலைப் பற்றி என்னை எத்தனையோ பேர் கேள்வி கேட்டிருக்கிறார்கள்... உருப்படியாகக் கேட்டவர் இவர் ஒருவர்தான்!