ஆயா சோஃபியாவும் ஆயா கத்தரீனாளும்

பீர்மேட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கத்தரீனாள் என்று ஓர் ஆயா இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க வந்தவள். ஒருநாள் துரை பங்களா வேலியோரம் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒரு கைக்குழந்தை ஓயாமல் அலறியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் பின்கதவு வழியாகப் போய்ப் பிள்ளையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அழுகை நின்றது. சமையல்காரர் அவளை வெளியே விரட்டப் பார்க்க, துரைசாணி குறுக்கே வந்து தடுத்துவிட்டாள். அன்று உள்ளே போனவள்தான், ஆயாவாகத் தங்கிவிட்டாள்.

கறுத்து நெடிய உருவம், காதில் தோளைத் தொடும் பாம்படம், யாருக்கும் குனியாத நடை. துரைசாணி தமிழ் கற்றதே அவளிடம்தான். அதனால் பங்களாவில் வெள்ளைக்காரி பேசிய தமிழ் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துத் தமிழாகவே இருந்தது.

1954-இல் துரை விடுப்பில் சீமைக்குக் கிளம்பினார். துரைசாணிக்குப் பழைய ஊர்கள் என்றால் பித்து. போகிற வழியில் துருக்கியில் இஸ்தான்புல்லைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊர் பார்ப்பது எப்படி? ஆகவே கத்தரீனாளும் கப்பல் ஏறினாள். கடலில் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்தாள். ஆனாலும் பிள்ளைகளின் சட்டைப் பொத்தான் ஒன்றுகூடக் கழன்றிருக்க அவள் விடவில்லை.

இஸ்தான்புல்லில் குளிர் நடுக்கியது. செருப்பே போட்டறியாத காலில் துரையின் பழைய கம்பளிக் காலுறைகளையும் ரப்பர் காலணியையும் மாட்டிக்கொண்டு கத்தரீனாள் நடந்தாள். முதலில் போன இடம் பெரிய கும்மட்டம் வைத்த ஒரு கட்டடம். அதன் பெயர் ஆயா சோஃபியா என்று துரைசாணி சொன்னதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஒரு ஆயாவுக்கா இம்புட்டுப் பெரிய கோயில் கட்டிருக்காக?”

அது ஆயா அல்ல, கிரேக்கப் பாஷையில் புனிதம் என்று அர்த்தம், முன்னே மாதாகோயிலாக இருந்து பள்ளிவாசலாகி இப்போது காட்சிசாலையாக இருக்கிறது என்றெல்லாம் துரைசாணி விளக்கினாள். கத்தரீனாள் தலையை ஆட்டினாளே தவிர நம்பவில்லை. எந்த ராஜா பிள்ளையையோ அந்த சோஃபியா கண்ணும் கருத்துமாக வளர்த்திருக்கிறாள், நன்றி மறக்காமல் அவன் கட்டிவிட்டான் என்று முடிவுகட்டி, நட்டநடுவே மண்டியிட்டுச் செபமாலையை எடுத்தாள். காவலாளி ஓடிவந்து, அங்கே யாரும் எந்தச் செபமும் செய்யக் கூடாது என்று துருக்கி மொழியில் சொன்னான். அவள் உதட்டில் விரல் வைத்து அவனைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, சோஃபியாவின் ஆத்துமத்துக்காக மணி உருட்டி முடித்துத்தான் எழுந்தாள். அதுவரை காவலாளி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பிறகு அவனே வாசல் வரை வந்து வழியனுப்பினான்.

எதிரே இருந்த நீலப் பள்ளிவாசலில் வேறு தொல்லை. முக்காடிட்ட கத்தரீனாளை வாசலில் இருந்த பெரியவர் உடனே உள்ளே விட்டார்; முழங்கால் தெரியக் கவுன் போட்டிருந்த துரைசாணியை நிறுத்திவிட்டார். கத்தரீனாள் பையிலிருந்த மாற்றுச் சுங்குடிச் சேலையை எடுத்து அவளுக்குச் சுற்றி, கொழுந்து பறிக்கிறவர்கள் கட்டுவதுபோல இழுத்து இடுப்பில் செருகி, தலையை மூடி விட்டாள். துரைசாணிக்கு அந்தக் கதகதப்பு பிடித்துப்போயிற்று. வெளியே வந்த பின்னும் அவிழ்க்க மாட்டேன் என்று, அந்தக் கோலத்திலேயே கடைத்தெருவுக்குள் நுழைந்தாள்.

மேலே கூரை போட்ட அந்தக் கடைத்தெருவில் ஒரு கம்பளக் கடைக்காரர் இவர்களைப் பார்த்தார். முன்னால் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்து, பாம்படம் அசைய நிமிர்ந்து வரும் ஒரு கறுத்த அம்மாள். பின்னால் அதே ஜாடைச் சேலையில் ஒரு வெள்ளைக்காரி. கடைசியில் காக்கிக் கோட்டோடு, பையும் குடையும் கேமராவும் சுமந்து மூச்சு வாங்கும் ஓர் ஆள். கடைக்காரர் கத்தரீனாளைக் கும்பிட்டு அழைத்து மெத்தையில் உட்கார வைத்தார். துரையை, சுமைகூலிகள் உட்காரும் வெளி முக்காலிக்கு அனுப்பினார். இந்த அம்மாள் இந்தியாவில் எந்தச் சமஸ்தானத்து ராணி என்று துரைசாணியிடம் ஆங்கிலத்தில் விசாரித்தார். குறும்புக்காரியான அவள், பீர்மேடு என்று சொல்லிவைத்தாள்.

“ஏ கத்தரீனா, உங்க எடம் எம்புட்டுப் பெருசுன்னு கேக்கான்” என்றாள் துரைசாணி.

“மலை மலையாக் கெடக்கு. ஆயிரம் பேரு வேலை பாக்காக. எல்லாம் தேயிலைன்னு சொல்லுங்க.”

துரைசாணி ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் மொழிபெயர்த்தாள். கடைக்காரர் மார்பில் கை வைத்து வணங்கினார். சின்னக் கண்ணாடிக் குவளையில் பாலில்லாத தேநீர் வந்தது. கூடவே ஒரு சிறிய கம்பளத்தைச் சுருட்டி, “மகாராணி” என்று சொல்லி அவள் மடியில் அன்பளிப்பாக வைத்தார். அப்போதுதான் கத்தரீனாளுக்கு விஷயம் உறைத்தது.

“தொரசாணி, வெளையாடாதீக. நான் ராணி இல்ல, இந்தப் பிள்ளைகளக் குளிப்பாட்டுறவன்னு அவருட்டச் சொல்லுங்க.”

அதையும் சொன்னாள். கடைக்காரர் கண் கலங்கிவிட்டது. பணிப்பெண்ணின் பிள்ளைகளைத் தன் கையால் குளிப்பாட்டும் ராணியை அவர் வாழ்நாளில் கண்டதில்லையாம். கம்பளத்தைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார்.

சும்மா வாங்கிக்கொண்டு போகக் கத்தரீனாளுக்கு மனம் ஒப்பவில்லை. கடையின் பின்கட்டுக்குப் போனாள். பிள்ளைகளுக்கு என்று கொண்டுவந்த பாலை ஊற்றி, தான் குடிக்க முடிந்துவைத்திருந்த தோட்டத்துத் தூளைப் போட்டு, சர்க்கரை தாராளமாகச் சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடைக்காரருக்கும் அக்கம்பக்கத்து வியாபாரிகளுக்கும் கொடுத்தாள். அவர்களுக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. இருந்தாலும் ராணி கையால் போட்டதாயிற்றே என்று முகம் சுளிக்காமல் குடித்து முடித்தார்கள்.

தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு, ராணியானதைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. சொன்னால் பீற்றல் ஆகிவிடும். ஆனால் துரை கூலிகளோடு முக்காலியில் உட்கார்ந்ததை மட்டும் ஒருத்தியிடம் சொன்னாள். மறுநாள் காலையில் கொழுந்துக்காட்டில் துரை தலை தெரிந்ததும் நிரை நிரையாகச் சிரிப்பு கிளம்பியது. விசாரித்து அறிந்த துரை கத்தரீனாளைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போயிற்று என்று நினைத்து, துணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டே போனாள்.

துரை தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொன்னார்:

“அந்த ஆளுக நல்ல ஆளுக, கத்தரீனா. ரொட்டி குடுத்தான். சிகரெட்டு குடுத்தான். ஒருத்தனும் என்னை ஒண்ணும் கேக்கலை. சீமைக்குப் போயி இருந்த நாளுலயும் அப்படி ஒரு நல்ல நாள் இல்லை. சொல்றதா இருந்தா, அதையும் சேத்துச் சொல்லு.”

அவளும் சொன்னாள். அதை மட்டும் லயத்தில் ஒருவரும் நம்பவில்லை.