மாதா நிற்கும் உயரம்

பாமன்கடைப் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஒரு சின்ன அறை உண்டு. கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்த என் அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை, அதில் குடிவரச் சம்மதித்தார். ஆனால் அவருடைய கலியாண அலுமாரியும் அதன் உச்சியில் நிற்கும் மாதா சுரூபமும் கூடவே வரவேண்டும். சுரூபம் ஆட்களின் தலைக்கு மேலேதான் இருக்கவேண்டும் என்பது எங்கள் குடும்ப வழக்கம்.

"மாதாவுக்கு இடமில்லாத அறையில எனக்கும் இடம் வேண்டாம், தம்பி" என்று தொலைபேசியில் முடிவாகச் சொல்லிவிட்டார்.

அலுமாரி ஏழடி, சுரூபம் இரண்டடி. அறையின் தட்டைச் சீலிங்கோ ஏழரை அடியில் முடிந்துவிட்டது. அதற்கு மேலே முகடுவரை மூன்றடி உயரம் எலிகளுக்கு மட்டும் பயன்பட்டது. தச்சுவேலை செய்யும் பாஸை அழைத்துச் சீலிங்கைக் கழற்றச் சொன்னேன். சுவர்கள் விலகாமலிருக்க இரண்டு குறுக்குச் சட்டங்களை மட்டும் விட்டுவிட்டு, ஓட்டைத் தாங்கும் கைமரங்களின் சரிவிலேயே பலகை அடித்தார். வெள்ளை பூசியதும் அறை ஒரு குட்டிக் கோயில்போல நிமிர்ந்தது. முகட்டுக்குக் கீழே பத்தரை அடி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அலுமாரி லொறியில் வந்தது. அக்கா முன்சீட்டில், சேலையில் சுற்றிய சுரூபத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அலுமாரியை நான் குறித்து வைத்திருந்தபடி பக்கச் சுவரோடு நிறுத்தினார்கள். ஸ்டூலில் ஏறி சுரூபத்தை உயர்த்தினேன். மாதாவின் கிரீடம் சரிவுப் பலகையில் முட்டியது. முன்னுக்கு இழுத்தேன், அங்கேயும் முட்டியது. சுவரோரத்தில் கூரை பழைய உயரத்திலேயே இருந்தது. நடுவில்தான் அது உயர்ந்திருந்தது.

அக்கா சுரூபத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். லொறி இன்னும் வாசலில் நின்றது.

"உயரத்தை வடிவா அளந்திருக்கிறீங்கள்" என்றாள் மனைவி. "அலுமாரி நிக்கிற இடத்தைத்தான் அளக்கேல்ல."

அக்கா அறையின் நடுவுக்குப் போய் அண்ணாந்து பார்த்தார்.

"இதில கொண்டுவந்து வை."

"நட்டநடுவிலயா, அக்கா?"

"ஓம். மாதா எங்க நிக்கலாமோ அங்க நிக்கட்டும். நாங்கள் சுத்திப் போவம்."

இரண்டு சட்டங்களுக்கும் இடையில், முகட்டுக்கு நேர்கீழே, அலுமாரி நின்றது. சுரூபத்தின் கிரீடத்துக்கு மேல் ஒன்றரை அடி மிச்சம். அலுமாரிக்கு முன்னால் கட்டில். அலுமாரியின் முதுகுப் பலகையில் அக்கா ஒரு கலண்டரை மாட்டி, அந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகளைப் போட்டார். ஒரு அறைக்கு வந்தவருக்கு இரண்டு அறைகள் கிடைத்துவிட்டன என்று லொறிக்காரருக்கும் சிங்களத்தில் சொல்லி அனுப்பினார்.

மாலைச் செபத்துக்கு இப்போது நாங்கள் அங்கேதான் கூடுகிறோம். அக்காவும் மனைவியும் கட்டிலில் இருப்பார்கள். நாற்காலிப் பக்கம் இருக்கும் எனக்கு மாதாவின் முதுகுதான் தெரியும். சுரூபத்தைக் கொஞ்சம் திருப்பி வைக்கலாமா என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன்.

"அளந்த ஆளுக்கு அந்தப் பக்கம் போதும்" என்று சொல்லிவிட்டு அக்கா செபத்தைத் தொடங்கினார்.