வைஷ்ணவி கல்யாணத்தில் ஷர்லி பிடித்த திருடன்

என் மனைவி ஷர்லியைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால், மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கும்போதே அவள் காது வேலையை ஆரம்பித்துவிடும். மைக் செட்டில் இரைச்சல், ஜெனரேட்டரில் ஏதோ தட்டுகிறது, ஏ.சி.யில் எங்கோ உரசுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் உருக்கமாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, பெண்கள் வரிசையிலிருந்து எனக்கு ஜாடை காட்டினாள். என்னவோ ஏதோ என்று நான் பதறினால், அம்மணி மேலே ஓடும் மின்விசிறியைக் காட்டி, பேரிங் போய்விட்டது என்று கையைச் சுழற்றிக்கொண்டிருக்கிறாள்.

இலுப்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ‘ஷர்லி கம்ப்யூட்டர்ஸ்’ என்று கடை வைத்திருக்கிறாள். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டர். டிக்கெட் வாங்கும்போதே சார்ஜ் ஏறாத போனையும் சேர்த்து என்னிடம் நீட்டுகிறவர்கள் உண்டு. புதுக்கோட்டையில் பி.எஸ்ஸி. முடித்து, திருச்சியில் ஒரு சர்வீஸ் கடையில் வேலை கற்றுக்கொண்டு, என்னைக் கட்டிக்கொண்ட பிறகு இந்தக் கடையைத் திறந்தாள். ஆரம்பத்தில் வருகிறவர்கள் அவளைத் தாண்டிக் கடைக்குள் எட்டிப் பார்த்து, மெக்கானிக் இல்லையா என்று கேட்பார்களாம். அவர் வெளியே போயிருக்கிறார், நான் பொழுதுபோகாமல் கழற்றிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சால்டரிங் கம்பியைக் கீழே வைக்காமல் வேலையைப் பார்ப்பாள். அந்தத் திமிர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வீட்டுக்குள் அதே திமிரை என்னிடம் காட்டும்போது மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்.

எந்த லேப்டாப் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி, “கடைசியா இதுல என்ன போட்டீங்க?” என்பது. வயிற்றுவலிக்காரனிடம் டாக்டர் கேட்கிற மாதிரிதான். எல்லாரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான். ஒன்றுமே போடவில்லை.

விராலிமலையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நிலவழகனும் அதையேதான் சொன்னான். கல்யாண வீடியோ, ஆல்பம், லைவ் எல்லாம் அவன் தொழில். அவனுடைய லேப்டாப் சில வாரங்களாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு போட்டோ திறப்பதற்குள் ஒரு டீ குடித்து வரலாம். உள்ளே ஃபேன் ஓயாமல் அலறுகிறது. ஷர்லி டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். உள்ளே என்னென்ன ஓடுகிறது, பிராசஸரை யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று காட்டும் ஜன்னல் அது. நூற்றுக்கு ஐந்துகூட ஓடவில்லை. ஃபேனும் அடங்கிவிட்டது. உள்ளே இருந்த தூசியைத் துடைத்து, பிராசஸரின் சூட்டைத் தணிக்கப் பூசும் பேஸ்ட்டையும் மாற்றிக் கொடுத்தனுப்பினாள். மறுவாரமே திரும்பக் கொண்டுவந்தான். திறந்து பார்த்தால் மறுபடியும் ஐந்து சதவீதம், மறுபடியும் அமைதி. கடைக்கு வந்தால் நல்லபிள்ளை, அவன் வீட்டுக்குப் போனால் ராட்சசன். ஷர்லிக்கு அது பொறுக்கவில்லை. சாப்பிடும்போதும் தானாகப் பேசிக்கொண்டிருந்தாள். குழம்பில் உப்பு இல்லை என்று நான் சொன்னதற்கு, “ஐஞ்சு சதவீதத்துக்கு ஃபேன் எதுக்கு அப்படிக் கத்தணும்?” என்றாள்.

இந்த நிலையில்தான் வைஷ்ணவியின் கல்யாணம் வந்தது.

வைஷ்ணவியின் அம்மா அமுதவல்லி எங்கள் தெருக்காரர். அப்பா ரத்தினவேல் ஷார்ஜாவில் டிரைவர். மகள் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. காதுகுத்துக்கு இல்லை, சடங்குக்கு இல்லை, பட்டம் வாங்கியபோதும் இல்லை. எல்லாவற்றையும் பிறகு சி.டி.யிலும் பென் டிரைவிலும் பார்த்தவர். கல்யாணத்துக்கு விடுப்பு கிடைத்து டிக்கெட்டும் போட்டாயிற்று. கடைசி வாரத்தில் கம்பெனி விடுப்பை ரத்து செய்துவிட்டது. அன்று அமுதவல்லி வீட்டில் அடுப்பு எரியவில்லை. ரத்தினவேலே நிலவழகனை போனில் கூப்பிட்டுப் பேசினார். அவர் சொன்னதை நிலவழகன் எங்களிடம் அப்படியே சொன்னான். “தம்பி, மத்ததெல்லாம் முடிஞ்ச பெறகு பாத்தவன் நான். தாலி கட்டுறதையாச்சும் கட்டும்போதே பாக்கணும்.”

அந்த நாட்டில் தடை என்பதால் அங்கிருந்து வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேச முடியாது. அதனால் யூடியூப் லைவ் என்று ஏற்பாடு. கேமராவை லேப்டாப்பில் மாட்டி, மண்டபத்து நெட்டில் அனுப்ப வேண்டும். ரத்தினவேல் தன் அறையில் கூடத் தங்கியிருப்பவர்களோடு டி.வி. முன்னால் வேட்டி சட்டையோடு உட்கார்ந்திருப்பார். பேச்சுக்கு அமுதவல்லியின் போனில் சாதாரண அழைப்பு. அந்தப் போனைக் கேமரா ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் ஸ்பீக்கர் போட்டு வைத்திருந்தார்கள். அந்த நாற்காலியில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை.

விராலிமலை மண்டபத்தில் நாங்கள் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டோம். நெய் ஒழுகும் பொங்கல் இலையில் விழுந்து, ஷர்லி ஒரு வாய்தான் வைத்திருப்பாள். நிலவழகன் வியர்த்துக்கொண்டு வந்து நின்றான்.

“அக்கா, படம் நிக்கிதுக்கா. அவரு அங்க ஒண்ணும் தெரியலங்கிறாரு.”

பாதிப் பந்தியில் எழுந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று நான் கையைப் பிடித்தேன். அவள் எழுந்தே விட்டாள். பரிமாறியவர் சாம்பார் வாளியோடு திகைத்து நிற்க, நானும் என் இலையைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் பின்னால் போனேன்.

லேப்டாப் அலறிக்கொண்டிருந்தது, நாதஸ்வரத்தையும் மீறி. போனில் ரத்தினவேல், பொண்ணோட சித்தப்பா கையைத் தூக்கினபடியே ரொம்ப நேரமாக நிற்கிறார் என்றார். சித்தப்பாவோ எப்போதோ கையை இறக்கிவிட்டு முகூர்த்த வேலையில் இருந்தார். ஷர்லி டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். ஃபேன் அடங்கியது. ஐந்து சதவீதம். கொஞ்சம் பிந்திப் போனிலிருந்து உற்சாகமான குரல்: இப்ப ஓடுது, நல்லா ஓடுது. அவள் ஜன்னலை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி அலறல், மறுபடி படம் நின்றது. திறந்தாள், அடங்கியது. மூடினாள், அலறியது.

நான்காவது முறை ஷர்லி வாய்விட்டுச் சிரித்தாள். பட்டுப்புடவையில் ஒரு பெண் லேப்டாப்பைப் பார்த்து அப்படிச் சிரித்ததில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் புல்லரித்தது. கோளாறைப் பிடித்துவிட்டால் அவளுக்கு வரும் முகம் அது.

“ஏங்க, இது கோளாறு இல்லைங்க. திருட்டு. நான் பாக்குறப்ப மட்டும் ஒளிஞ்சுக்கிது.”

மின்கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுக்கிறவன், ஈ.பி.காரர் வண்டி தெரிந்ததும் கொக்கியைக் கழற்றிவிட்டுக் கைகட்டி நிற்பானே, அதே கதை. யாரோ எங்கோ இருப்பவன், கிரிப்டோ காசு சம்பாதிக்கப் போடும் தன் கணக்கு வேலைக்கு இந்த லேப்டாப்பின் பிராசஸரைத் திருடி ஓட்டிக்கொண்டிருக்கிறான். டாஸ்க் மேனேஜர் வந்தால் அவன் அனுப்பிய புரோகிராம் பதுங்கிக்கொள்ளும். அத்தனை நாள் ஷர்லியின் கடையில் நல்லபிள்ளையாக இருந்த ரகசியம் இதுதான்.

“கடைசியா என்ன போட்ட?” என்றாள் நிலவழகனிடம்.

இந்த முறை அவன் உண்மையைச் சொன்னான். ஆல்பம் சாஃப்ட்வேரின் திருட்டுப் பதிப்பு. விராலிமலையிலிருந்து அறந்தாங்கி வரை ஸ்டுடியோக்காரர்கள் ஒரே பென் டிரைவைக் கைமாற்றிக் கைமாற்றிப் போட்டுக்கொள்கிறார்களாம். சீசன் நேரத்தில் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உபகாரம். போடுவதற்கு முன்னால் ஆன்டிவைரஸை அணைத்துவிட வேண்டும் என்ற பக்குவத்தையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்பார்களாம். வாசல் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் திருடனுக்குத் தாம்பூலம் வைத்து அழைத்திருக்கிறார்கள்.

நான் சும்மா இருக்கக் கூடாதென்று ஒரு யோசனை சொன்னேன். டாஸ்க் மேனேஜருக்குத்தானே பயப்படுகிறது, அதை மூடாமலேயே விட்டுவிட்டால் என்ன? ஷர்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான இத்தனை வருடத்தில் அப்படி ஒரு மரியாதையான பார்வையை நான் வாங்கியதில்லை. திறந்தபடியே விட்டோம். ஃபேன் அமைதி. ரத்தினவேல், மாலை மாற்றுவது கண்ணாடி போலத் தெரிகிறது என்றார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, என் பொங்கல் இன்னும் இருக்குமா என்று பந்தியைப் பார்த்தேன்.

என் பெருமைக்கு ஆயுசு அவ்வளவுதான். திறந்துவைத்த ஜன்னல் யாரும் தொடாமலே பட்டென்று மூடிக்கொண்டது. திருடனே மூடியிருக்கிறான். ஃபேன் அலறியது. ஐயர் தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் ஆசீர்வாதத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். போனில் ரத்தினவேல், “தம்பி, நின்னுருச்சு. தம்பி, இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அமுதவல்லி மணவறைப் பக்கத்தில் நின்றபடி எங்களைத் திரும்பிப் பார்த்தார். மகளையும் பார்க்க வேண்டும், இங்கேயும் பார்க்க வேண்டும் என்று அவர் தவித்தார். போன் கேமராவில் லைவ் விடலாம் என்றால், மண்டபத்து நெட் ஒயரில்தான் வருகிறது, மண்டபம் நிறைந்த கூட்டத்தில் போன்களில் பேச்சு போகிறதே தவிர நெட் எடுக்கவில்லை. கடைக்கு ஓடி வேறு லேப்டாப் கொண்டுவருகிறேன் என்றேன். இலுப்பூர் போய்த் திரும்புவதற்குள் தாலி கட்டிச் சாப்பாடே முடிந்துவிடும் என்றாள் ஷர்லி.

கல்யாணத்துக்கு எடுத்துவந்த கைப்பையைத் தரையில் கொட்டினாள். சீப்பு, பவுடர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பென் டிரைவ். டாஸ்க் மேனேஜர் செய்யும் வேலையையே செய்யும் இன்னொரு கருவி அந்தப் பென் டிரைவில் இருந்தது. அதைத் திறந்தாள். ஃபேன் அடங்கியது. திருடனுக்கு இதையும் தெரிந்திருக்கிறது.

“ஆளைப் பாத்து ஒளியலைங்க. பேரைப் பாத்து ஒளியிது,” என்றாள்.

உடனே அந்தக் கருவிக்குப் பெயரை மாற்றினாள். அவசரத்தில் என்ன தோன்றியதோ, பொங்கல் என்று ஆங்கில எழுத்தில் அடித்தாள். இலையில் விட்டு வந்த ஏக்கமாக இருக்கும். பொங்கலைத் திறந்தாள். ஃபேன் அடங்கவில்லை. அலறிக்கொண்டே இருந்தது. அந்த அலறல் முதல்முறையாக எங்களுக்கு இனித்தது. திருடனுக்குப் பொங்கல் யாரென்று தெரியவில்லை.

அந்தத் திருட்டுப் புரோகிராம் பட்டியலில் உச்சியில் இருந்தது. விண்டோஸின் சொந்தப் பிள்ளை போலப் பெயர் வைத்துக்கொண்டு, பிராசஸரில் தொண்ணூறு சதவீதத்தைத் தின்றுகொண்டிருந்தது. ஆனால் குடியிருந்தது விண்டோஸின் வீட்டில் இல்லை, நிலவழகனின் ஆல்பம் சாஃப்ட்வேருக்குள். ஷர்லி அதை நிறுத்தினாள். ஒரு மூச்சு அமைதி. மறுபடி முளைத்தது. மறுபடி நிறுத்தினாள், மறுபடி முளைத்தது. நிலவழகன் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். தாலித் தட்டு சபையைச் சுற்றி ஐயரிடம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

“ஒருத்தன் செத்தா இன்னொருத்தன் எழுப்பி விடுறான். அப்ப கொல்லக் கூடாது, தூங்கப் போடணும்,” என்றாள் ஷர்லி.

முடிப்பதற்குப் பதிலாக, ஓடுகிறதை ஓடுகிற இடத்திலேயே உறையவைக்கும் வசதி ஒன்று அந்தப் பொங்கலில் இருக்கிறதாம். அதை அழுத்தினாள். காவலுக்கு இருந்த கூட்டாளி எட்டிப் பார்த்திருப்பான். ஆள் இருக்கிறான், உயிரோடுதான் இருக்கிறான், எழுப்ப வேண்டியதில்லை. ஃபேன் இறங்கியது. இன்னும் இறங்கியது. நாதஸ்வரம் மட்டும் கேட்டது. நிலவழகன் தரையிலிருந்து எழுந்து வந்து திரையைப் பார்த்தான். திருடன் எழவில்லை.

“தெரியிது,” என்றார் ரத்தினவேல் போனில். “எம்மக தெரியிது. தலைய குனிஞ்சிருக்கா.”

நான் யாரையாவது கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நிலவழகன்தான் இருந்தான், அவனையே பிடித்துக்கொண்டேன். ஷர்லி போனை நாற்காலியிலிருந்து எடுத்துக்கொண்டு மணவறைக்கு ஓடினாள். அமுதவல்லியின் கையில் அதைக் கொடுத்து, படம் சரியாகப் போகிறது, ஆனால் யூடியூப் வழியாகப் போவதால் அண்ணனுக்கு அரை நிமிடம் பிந்தித்தான் தெரியும் என்று காதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். மண்டபமே எழுந்து அட்சதை வீசியது. நானும் வீசினேன், பாதி எனக்கு முன்னால் நின்றவர் வழுக்கையில் விழுந்தது. மேளம் ஓய்ந்தது. ஜனங்கள் உட்கார ஆரம்பித்தார்கள், பின்வரிசையில் சிலர் பந்திக்கே கிளம்பிவிட்டார்கள். அமுதவல்லி மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, வலது கையை இறுக மூடியபடி அப்படியே நின்றார். போடு அமுதா, போடு என்று யாரோ சொன்னார்கள். அவர் அசையவில்லை. ஐயரும் அடுத்ததைச் சொல்லாமல் அவரைப் பார்த்தார். ஷர்லி என் கையைப் பிடித்தாள்.

பிறகு அந்தப் போனிலிருந்து, ஷார்ஜாவில் ஒரு அறைக்குள் கொட்டிய கெட்டிமேளமும், ஆண்கள் பலர் ஒன்றாகப் போட்ட சத்தமும் கேட்டன. ஸ்பீக்கரில் இருந்ததால் முன்வரிசைகள் முழுக்கக் கேட்டது.

“கட்டிட்டாருடி அமுதா,” என்றார் ரத்தினவேல். குரல் உடைந்து சிரித்தது. “நான் போடுறேன். நீயும் போடு.”

அமுதவல்லி அப்போதுதான் கையைத் திறந்தார். மகளின் தலையில் அட்சதையைப் போட்டுவிட்டு, “போட்டுட்டேங்க,” என்றார்.